தெரியாதவை தீர்ந்துபோன ஊர்

மடகாஸ்கர் தீவின் தென்கோடியில், சப்பாத்திக்கள்ளி வேலிகளுக்கும் செம்மண் காற்றுக்கும் நடுவே அம்பெலாஸு என்றொரு ஊர் இருந்தது, கமுதிப் பக்கத்திலிருந்து நாகஜோதி என்றொருத்தி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கச் சம்பளமில்லாத டீச்சராகப் போய்ச் சேர்ந்தபோது அங்கே மழை பெய்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது, அவளை ஏற்றிவந்த லாரியிலேயே தண்ணீரும் வந்திருந்ததால் ஊர் ஜனங்கள் முதலில் பீப்பாய்களைத்தான் இறக்கினார்கள், அதற்கப்புறம்தான் அவளை.

நாகஜோதி பரமக்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கைடைப் பார்த்து மனப்பாடம் செய்ததைப் பிள்ளைகள் அப்படியே கொட்டுவதும் அதற்கு மார்க் போடுவதுமாகவே தன் இருபதுகள் போய்விட்டன என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது, நடுவில் வந்த கல்யாணமும் ஒரு ஆடிக்கும் மறு ஆடிக்கும் இடையில் முறிந்துபோயிருந்தது, ஒரே ஒரு பிள்ளையாவது தான் சொன்னதைப் புரிந்துகொண்டு முகம் மலர்வதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எழுதிப்போட்டாள். டிக்கெட்டும் தங்க இடமும் அரிசியும் தருகிறோம், இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்றார்கள். சரி என்றாள்.

பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே நீளமான அறை. அதற்குப் பின்னால் பலகையால் அடித்த சின்ன வீடு அவளுக்கு. விடிந்ததும் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும், அதில்தான் பல் விளக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும், மிச்சத்தில் ஒரு துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டும், முதுகுளத்தூர்ச் சாலையில் குடங்களோடு லாரிக்குக் காத்துக் கிடந்து வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. புளியமரங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பஞ்சத்தில் அந்த ஊர்க்காரர்கள் புளியைச் சாம்பலோடு பிசைந்து தின்று வயிற்றை அடைப்பதைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. மணல்மேட்டின் உச்சியில் ஏறினால் மட்டும் போனில் சிக்னல் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறித் தம்பி இருளப்பனிடம் பேசுவாள்.

"சாப்பாடெல்லாம் எப்படிக்கா?"

"மரவள்ளி இருக்கு. கள்ளிப்பழம் இருக்கு."

"அதுக்கா பிளேன் ஏறிப் போன?"

பிள்ளைகள் அவளை மதாம் என்று கூப்பிட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். அவர்களுடைய மலகாசி மொழியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் வோலா என்கிற பத்து வயசுப் பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி, அவளுடைய அப்பா ரிவோ நீலக்கல் தோண்டும் குழிகளில் வேலை செய்ய வடக்கே போயிருந்தான், அம்மா மசினா கைக்குழந்தையோடு ஊரில் இருந்தாள். வோலா சாயங்காலங்களில் டீச்சர் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிச் சொல் சொல்வாள், தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் திருத்துவாள். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆடு காலை விறைத்துக்கொண்டு கிடந்தபோது, செத்துப்போவது என்பதற்கான சொல்லையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

மழை முதன்முதலில் பெய்தது தந்தேலி என்கிற பையனால். அவன் மந்தமானவன் என்று ஊரே சொன்னது. இருபத்தேழும் பதினைந்தும் கூட்டச் சொன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதுவான், ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, அதை அப்படியே எழுதிப் பக்கத்தில் மூன்றைப் போட்டுவிடுவான். வாரக்கணக்காகக் குச்சிகளைக் கட்டுக் கட்டியும் கட்டு பிரித்தும் காட்டிய பிறகு ஒரு காலையில் அவன் திடீரென்று எழுந்து நின்று, "மதாம், அந்த ஒண்ணு பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருச்சு!" என்று கத்தினான். அவன் முகம் மலர்ந்தது. மறுநொடி கூரைக்குக் கீழே, உத்திரத்தின் உயரத்திலிருந்து, சடசடவென்று மழை பெய்தது.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தகரத்தின் மேல்பக்கம் தொட்டால் சுடும். உள்ளே பிள்ளைகள் நனைந்தபடி வாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தலைவரும் பெற்றோர் கமிட்டியின் தலைவருமான மகாவெலு வந்தார், கையை நீட்டி ஏந்திக் குடித்துப் பார்த்தார், "உப்பில்லை" என்றார், பிறகு திரும்பி, "கேன்களை எடுத்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். ஏன் பெய்கிறது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு விஷயங்கள் இருந்தன, இந்தத் தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமா ஊருக்குச் சொந்தமா, பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்கு உண்டா, கிழக்குச் சுவரோரம் அதிகம் விழுகிறதே அங்கே யார் கேனை வைப்பது. பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டார்கள், தரையைச் சரிவாக மெழுகி ஒரு மூலையில் வாய்க்கால் வெட்டிப் பீப்பாயில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், பிள்ளைகள் உயரமான கற்களின் மேல் குந்தியிருந்து படித்தார்கள். பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டு ஒரு கேன் கொண்டுபோனார், குறிசொல்கிறவர் வந்து விதைகளைப் பரப்பிப் பார்த்துவிட்டு இரண்டு கேன் கொண்டுபோனார்.

மழையின் குணம் சீக்கிரமே பிடிபட்டது. தெரிந்ததைத் திருப்பிச் சொன்னால் பெய்யாது. ஒரு பிள்ளைக்குத் தெரியாதது ஒன்று நிஜமாகவே தெரிந்தால்தான் பெய்யும், அதுவும் அந்த நாலு சுவருக்குள், நாகஜோதி சொல்லிக்கொடுத்தால்தான். பெருக்கல் வாய்ப்பாட்டுக்குத் தூறல். தன் பெயரைத் தானே எழுதிப் படித்தால் கொஞ்ச நேரமே ஆனாலும் கனத்த மழை. பின்னத்துக்கு நிதானமான, நாள் முழுக்க நின்று பெய்கிற மழை. பூமி உருண்டை என்பதற்குப் பெய்த மழையில் தலைவரின் மாடு பள்ளிக்கூட வாசலில் நின்று வயிறு முட்டக் குடித்தது. இதுநாள்வரை யாரும் சீந்தாத தந்தேலிக்கு ஊரில் மரியாதை வந்தது, ஏனென்றால் அவன் கற்றதை மறந்துவிடுவான், மறந்ததை மறுபடி கற்கும்போது மறுபடி மழை பெய்யும், அவன் வீட்டில் படிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவன் அம்மாவுக்கு ஊரே புத்தி சொன்னது. ஒருநாள் ஏழாம் வாய்ப்பாடு அவனுக்கு ஒரேயடியாக மனசில் நின்றுவிட்டது, எத்தனை தடவை கேட்டாலும் தடுமாறாமல் சொன்னான், அவன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

நாகஜோதி அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தாள், பின்னால் அதை நினைக்கவே அவளுக்குக் கூசியது. ஒரு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும், பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்று கேட்க வேண்டியதே இல்லை, தலை நனைந்தால் புரிந்துவிட்டது. "இங்க பிள்ளைங்க படிச்சா மழை பெய்யுது" என்று போனில் சொன்னபோது இருளப்பன் சிரித்துவிட்டு, "இங்க பெஞ்சாலே லீவு விட்டுர்றாங்க" என்றான்.

மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்து பார்த்தார். அலுவலகத்தில் இதைப் பதிவதற்கு ஏற்ற வகை எதுவும் இல்லாததால் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக்கொண்டார், ஊரில் நீர் ஆதாரம் இருக்கிறது என்றும் கூடவே எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் முதல் தண்ணீர் லாரி வருவது நின்றது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெரியாதவை குறைய ஆரம்பித்ததும்தான் ஊர் கவலைப்பட்டது. வோலாவுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் நாகஜோதி தனக்குத் தெரிந்த இயற்கணிதம்வரை சொல்லி முடித்திருந்தாள், சின்னப் பிள்ளைகள் களைத்துப்போயிருந்தார்கள், காலையிலிருந்து இருட்டும்வரை கல்லின் மேல் குந்தியிருந்து புரிந்துகொண்டே இருக்க எந்தப் பிள்ளையால் முடியும்? பெரியவர்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள், அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள், ஒரு சொட்டும் விழவில்லை. அப்போதுதான் கமிட்டி கூடி ஒரு முடிவெடுத்தது. இனிமேல் பிள்ளைகளிடம் வீட்டில் யாரும் எதையும் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் மதாமிடம் சொல்ல வேண்டும், அவள் வகுப்பில் சொல்வாள்.

அப்படித்தான் அந்த ஊர் பிள்ளைகளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டது. நட்சத்திரத்தின் பெயரைக் கேட்டால் அம்மா வேறு பக்கம் பார்த்தாள், கண்ணி வைப்பது எப்படி என்று கேட்டால் அப்பன் எழுந்து போனான், கதை கேட்டால் கிழவர்கள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்கள், முன்னோர்களின் பெயர்களைக்கூட, இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்கிற வரிசையைக்கூட, நாகஜோதி வீட்டு வாசலில் வந்து தணிந்த குரலில் அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், அவள் மறுநாள் அதை ஒரு பிள்ளைக்கு அதன் சொந்தக் கொள்ளுப்பாட்டனின் பெயராகச் சொல்வாள், கேன் நிறையும். எந்தக் கள்ளி விஷம் என்று யாரும் சொல்லாததால் ஒரு சிறுமி அதைத் தின்று வாய் வெந்து கிடந்தாள். அதற்கும் ஊர் வருத்தப்பட்டது, இது வெளியிலேயே அவளுக்குத் தெரிந்து வீணாகிவிட்டதே, வகுப்பில் தெரிந்திருக்கலாமே என்று.

அதுவும் தீர்ந்தது. நாகஜோதி தமிழ் எழுத்துக்களை எடுத்தாள். அ, ஆ என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து ஊரை அவள் சில வாரங்கள் பிழைக்கவைத்தாள், ஆய்த எழுத்துக்குச் சரியாக மூன்று சொட்டு விழுந்தது, ழகரம் நாக்கில் உட்கார்ந்த அன்று நல்ல மழை. பிறகு எழுத்தும் முடிந்தது. ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த ஆற்று மணலில் ஆளுயரம் தோண்டினாலும் கொஞ்சம் கலங்கல் மட்டுமே ஊறியது. மாடுகள் நின்ற இடத்திலேயே முழங்காலிட்டு விழுந்தன. மகாவெலுவின் பேரன், பிறந்து நடக்கப் பழகாத குழந்தை, வயிற்றுப்போக்கு கண்டு உடம்பில் நீர் வற்றி இறந்துபோனான். மணல்மேட்டில் ஏறி நாகஜோதி லாரிக்காக மாவட்டத்துக்குப் போன் செய்தாள், தன்னை அனுப்பிய நிறுவனத்துக்குப் போன் செய்தாள், "உங்கள் ஊரில் ஊற்று இருப்பதாகப் பதிவில் இருக்கிறதே" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

பேரனைப் புதைத்த சில நாளில் மகாவெலு அவள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"மதாம், வோலாவுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு."

"அவளுக்கா? என்ன அது?"

"அவ அப்பன் செத்துட்டான்."

ரிவோவோடு வேலை செய்த ஒருவன் போன வருஷமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். குழியின் மணற்சுவர் சரிந்து அவனை மூடிவிட்டது, கூட இருந்தவர்கள் வெறும் கையால் தோண்டினார்கள், கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து அவன் குரல் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது, உடம்பை எடுத்துப் பாதையோரமாகப் புதைத்து அடையாளத்துக்கு இரண்டு கல் வைத்தார்கள். அந்த நாட்டில் ஒருவன் தன் முன்னோர்களின் கல்லறைக்கு வந்து சேர்ந்து, அவனுக்காக மாடுகள் அறுபட்டால்தான் அவன் இறந்தவன். எலும்பை எடுத்துவர வழியில்லை, அறுக்க மாடில்லை. அதனால் ரிவோ இன்னும் வேலைக்குப் போயிருக்கிறவனாகவே இருந்தான். மசினா முதல் வார்த்தையைக் கேட்டதுமே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள், அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

"அதை நான் சொல்ல மாட்டேன்," என்றாள் நாகஜோதி. "அது பாடம் இல்லை."

மகாவெலு அவளைக் கெஞ்சவுமில்லை, அதட்டவுமில்லை. "நான் கேட்டுட்டேன். இனி உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் வெறி பிடித்தவள்போல் பாடம் நடத்தினாள். கிரகணம், காந்தம், கடலுக்கு அடியில் மலைகள், மனிதனின் குடல் எவ்வளவு நீளம். பிள்ளைகள் வெடித்த உதடுகளோடு அவளைப் பார்த்தபடி இருந்தார்கள், எதுவும் உள்ளே போகவில்லை, தாகமெடுத்த பிள்ளையால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்று பரமக்குடியில் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு காலையில் கதவைத் திறந்தபோது மசினா கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள். குழந்தையின் தலை ஒருபக்கமாகத் தொங்கியது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

"சொல்லிருங்க மதாம்."

"நீங்க அவ அம்மா. சொல்லணும்னா நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா அது சாவுச் சேதி. நீங்க சொன்னாத்தான் பாடம்." மசினா குழந்தையை முன்பக்கம் திருப்பிக் காட்டினாள். "இவனைப் பாருங்க. அவளுக்கு அப்பன் போயாச்சு. இவனாவது இருக்கட்டும்."

நாகஜோதி அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது என்று பிறகு பலமுறை நினைத்தாள், பார்க்காமலிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்தாள்.

அன்று பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஊரே நின்றது, ஆளுக்கொரு மஞ்சள் கேன், சட்டி, தொட்டி, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு. மற்றப் பிள்ளைகளைச் சுவரோரமாக ஒதுக்கி உட்காரவைத்திருந்தார்கள். வோலா நடுவில் தன் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள், எல்லாரும் வந்திருப்பதைப் பார்த்து அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னைக்கு என்ன பாடம் மதாம்?"

நாகஜோதி கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றாள். "வோலா," என்றாள், "உன் அப்பா செத்துப்போயிட்டார்." அந்தச் சொல்லை அவள் சரியாகத்தான் உச்சரித்தாள்.

வோலா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், டீச்சர் சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டாள், திருத்த வேண்டும் என்பதுபோல். பிறகு அவள் கண்கள் மெதுவாக அம்மாவைத் தேடிப் போயின. மசினா தலையைத் தூக்கவில்லை. அப்போது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது.

மழை என்று அதைச் சொல்ல முடியாது. கூரைக்கடியில் ஒரு ஆற்றைக் கவிழ்த்ததுபோல் கொட்டியது. நாகஜோதி மேலே சொல்ல வாயெடுத்தது யாருக்கும் கேட்கவில்லை, வாசல் வழியாக ஜனங்கள் உள்ளே பாய்ந்தார்கள், கேன்கள் இடித்துக்கொண்டன, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்தார்கள், "அங்கே வை, இங்கே நகர்த்து" என்று கத்தினார்கள், யாரோ ஒருத்தி ஒரு அலுமினியச் சட்டியை வோலாவின் காலருகே தள்ளி வைத்தாள், மசினாவும் இரண்டு கையாலும் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு முகத்தில் தண்ணீர் வழிய நின்றாள். அந்தப் பிள்ளையைத் தொட ஒரு கை சும்மா இல்லை. நாகஜோதி கேன்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கல் காலியாக இருந்தது.

நாள்கணக்கில் அது நிற்கவில்லை. பீப்பாய்கள் நிறைந்து வாய்க்கால் வழிந்தது, மிச்சமிருந்த மாடுகள் எழுந்து நின்றன, மசினாவின் குழந்தை அழ ஆரம்பித்தது. முதல் நாள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாட்களில் பார்த்தார்கள். குளித்தார்கள், துணி துவைத்தார்கள், ஒரு கல்யாணம்கூடப் பேசி முடித்தார்கள். வோலா மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. தனக்கென்று ஒரு சின்னக் கேனை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய், மணலைத் தோண்டி, ஊறும் கலங்கலை ஓட்டில் மொண்டு ஊற்றிக் கொண்டுவந்தாள். வகுப்புக்கு வரவில்லை. டீச்சர் வீட்டுக்கும் வரவில்லை. நாகஜோதி அவளைத் தேடிப் போனபோதெல்லாம் அவள் கள்ளிக்காட்டுக்குள் நுழைந்து மறைந்தாள்.

தண்ணீர் குறையத் தொடங்கியதும் தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "என் பெரியவனுக்கு அவன் எனக்குப் பிறந்தவன் இல்லைன்னு தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுங்க மதாம், மழை நிதானமாப் பெய்யட்டும்." இன்னொருத்தி தன் மகளின் முதுகில் இருக்கும் தடிப்பு என்ன நோய் என்று சொல்ல வந்தாள். இன்னொருத்தி எதுவும் சொல்ல முடியாமல் நின்று அழுதுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனாள். நாகஜோதி இன்னும் யாருக்கும் சரி என்று சொல்லியிருக்கவில்லை, அதற்குள் யாருக்குப் பின் யார் என்று மகாவெலு வரிசை ஏற்படுத்தினார், சண்டை வரக் கூடாதே என்று. பின்னத்தைவிட, பூமி உருண்டையைவிட, துக்கத்துக்குத்தான் மழை கூடுதல் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. ஒருநாள் கமிட்டியில், இருக்கிற துக்கமெல்லாம் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். யாரும் அவரை வாயை மூடு என்று சொல்லவில்லை, அதை நாகஜோதி கவனித்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு மகாவெலு வீட்டுக்குப் போனாள்.

"நான் போறேன்."

"நீங்க போனா இங்க தண்ணி இல்லை."

"தெரியும். டவுனுக்கு நடந்து போய் லாரி கேக்கப் போறேன். அவங்க வாசல்லயே உட்காருவேன்."

"குடுப்பாங்களா?"

"தெரியலை."

"குடுத்தா திரும்பி வருவீங்களா?"

அவள் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் முதலாவதாக இருந்த பெண் மகனைக் குளிப்பாட்டிக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மகாவெலு உள்ளே போய் ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தார். பீப்பாயின் அடியில் இருந்த கடைசித் தண்ணீர். "தூரம் அதிகம்" என்று சொல்லிக் கொடுத்தார், திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊர் எல்லையைத் தாண்டி, பாதை ஆற்றை ஒட்டித் திரும்பும் இடத்தில் வோலா எதிரே வந்தாள், இடுப்பில் அவளுடைய சின்னக் கேன். இந்த முறை ஓடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றாள். உதட்டில் மண் காய்ந்திருந்தது. நாகஜோதி பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடி."

"வேணாம். அது எங்க அப்பா."

நாகஜோதி அப்படியே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்குத் தெரியாது, வோலா அவள் அழுவதைத் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு கேனை இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரில் குந்தினாள்.

"நீங்க முழுசாச் சொல்லலை."

"சொல்ல வந்தேன். மழையில கேக்கலை."

"இப்பச் சொல்லுங்க."

நாகஜோதி சொன்னாள். குழியைப் பற்றி, மணற்சுவரைப் பற்றி, வெறும் கையால் தோண்டியவர்களைப் பற்றி, உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த குரலைப் பற்றி, அது நின்றதைப் பற்றி, இரண்டு கல்லைப் பற்றி.

"அப்பா என்ன சொன்னாராம்?"

"தெரியலை."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னாள். அதற்கப்புறம் வோலாவே சொன்னாள், மெதுவாக, முதலிலிருந்து, குரல் நின்ற இடத்தில் அவளும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கல்வரைக்கும். நாகஜோதி தலையை மட்டும் ஆட்டினாள். வானம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. எங்கேயும் ஒரு சொட்டும் விழவில்லை. அப்போதுதான் வோலா அழுதாள், நாகஜோதி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், இரண்டு பேருடைய கைகளும் சும்மாதான் இருந்தன.

எழுந்தபோது வோலா பாட்டிலைப் பார்த்தாள்.

"அதை எனக்குத் தர்றீங்களா?"

"குடிக்கவா?"

"இல்லை. எங்க பாட்டன்மாரோட கல்லறையில கொண்டுபோய் வைக்க. அப்பாவைக் கூட்டிட்டு வர முடியாதுல்ல."

நாகஜோதி மூடியை இறுக்கித் திருகிக் கொடுத்தாள். வோலா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், பிறகு என்னவோ நினைத்துக்கொண்டவளாக அதைக் கவனமாக மணலில் படுக்கவைத்துவிட்டு, தன் கேனைத் தூக்கி, "கையை ஏந்துங்க" என்றாள். நாகஜோதி ஏந்திக் குடித்தாள். கலங்கலாக, பல்லில் மண் நறநறக்க, வெதுவெதுப்பாக இருந்தது.

"தனியாவா போற?"

"அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். காதைப் பொத்திக்கிட்டாலும் கூட்டிட்டுப் போறேன்."

கேனை இடுப்பிலும் பாட்டிலை நெஞ்சிலுமாக அவள் ஊரை நோக்கி நடந்தாள். கள்ளிவேலி அவளை மறைக்கும்வரை நாகஜோதி நின்று பார்த்தாள், பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பக்கம் திரும்பி நடந்தாள். அன்று அந்தச் சாலையில் அவளைத் தவிர யாரும் போகவில்லை. எதிரே லாரி எதுவும் வரவில்லை.